ஓரத்தில் ஒரு கேள்விக்குறி

போன மாதம் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். உறையைப் பிரித்தால் என் பெயரில் ஓர் எழுத்து தப்பு. வயது பத்து கூடுதல். சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்து ஓரத்தில் குறி போட்டேன். "சார், அது ரிப்போர்ட் சார், அதுல எழுதாதீங்க" என்று பதறினாள் அங்கிருந்த பெண். அவளிடம் என்ன சொல்வது? சிவப்புப் பேனா வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு அண்ணாச்சியிடமிருந்து வந்தது. மருத்துவ அறிக்கையைப் புரூஃப் பார்க்கும் பழக்கமும் அவரிடமிருந்து வந்ததுதான்.

அண்ணாச்சி பாளையங்கோட்டைக்காரர். பதினாறு வயதில் கம்பாசிட்டராக மதுரைக்கு வந்தவர். மேலமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் ஈய எழுத்து பொறுக்கிக் கோத்து, பிறகு அதே அச்சகத்தில் புரூஃப் ரீடராக உட்கார்ந்தார். 1991-இல் என் முதல் கட்டுரைத் தொகுப்பு அங்கே அச்சாகிக்கொண்டிருந்தது. நான் அப்போது பள்ளியில் தமிழாசிரியர். என் எழுத்தில் யாரும் கை வைக்க முடியாது என்ற நினைப்பு. ஒரு சாயங்காலம் புரூஃபை நீட்டினார். ஒரு பக்கத்தில் எங்கள் ஊர் ஓடை கிழக்கே ஓடுகிறது என்று எழுதியிருந்தேன். முப்பது பக்கம் தள்ளி அதே ஓடை வடக்கே ஓடிற்று. இரண்டு இடத்திலும் அவர் எதையும் திருத்தவில்லை. ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

"எழுத்துப்பிழைன்னா நானே திருத்திருவேன் தம்பி. சந்தேகம்னா குவெரிதான் போடணும். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி திருத்துறது பெரிய பாவம், பாத்துக்கிடுங்க."

அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம் இருபத்தெட்டு வருஷம் நீடித்தது. என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். ஆனாலும் சிநேகிதர் என்றுதான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுமண்டபத்துப் புத்தகக் கடைகளில் நின்று நின்று பார்த்துவிட்டு, அவர் வீட்டுக்குப் போய் மதினி கையால் இட்லி சாப்பிடுவது வழக்கமாகிவிட்டது.

2018 ஆகஸ்ட் மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் ஊரெல்லாம் காய்ச்சலாக இருந்த சமயம். தெருவில் இருந்த டாக்டர் மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்தார். காலையில் வேர்த்து விட்டுவிடும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் குளிர் எடுத்து மறுபடி ஏறும். அவரிடம் பழைய பாதரசத் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தது. அதை உதறி உதறிக் கக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பழைய புரூஃப் தாளின் பின்பக்கத்தில் தேதி, மணி, டிகிரி என்று எழுதிவைத்தார். 100.8. 101.4. 99. 102. புரூஃப் எழுத்து மாதிரியே சின்னச் சின்ன எண்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஒரே கோட்டில் நிற்கும். அந்தத் தாள்கள் ஒரு வருஷத்தில் தலையணை உயரத்துக்குச் சேர்ந்தன.

காரணம் தெரியாத காய்ச்சல் என்றே மருத்துவத்தில் ஒரு பிரிவு உண்டு. 1961-இல் அமெரிக்காவில் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் என்ற இரண்டு மருத்துவர்கள் அப்படிப்பட்ட நூறு நோயாளிகளைப் பற்றி எழுதி, அதற்கு வரையறை கொடுத்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். பலமுறை 101 டிகிரியைத் தாண்ட வேண்டும். மருத்துவமனையில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தும் காரணம் பிடிபடாமல் இருக்க வேண்டும். இதையெல்லாம் நான் படித்தது அண்ணாச்சி போன பிறகுதான். அவர் இருந்தபோது யாராவது இந்த மூன்று வரியை அவரிடம் சொல்லியிருந்தால், "அப்ப என் நோய்க்கு ஒரு பேரு இருக்கு, தெரியாததுன்னு" என்று திருப்தியாகத் தலையை ஆட்டியிருப்பார். அவருக்குத் தெரியாத சொல் ஒன்று கிடைத்தால் அன்றைய பொழுது நல்ல பொழுது.

தெரு டாக்டர் பெரிய டாக்டரிடம் அனுப்பினார். பெரிய டாக்டர் முந்தைய பரிசோதனைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லாவற்றையும் புதிதாக எடுக்கச் சொன்னார். அடுத்த மருத்துவமனை இவருடையதைத் தள்ளியது. டைபாய்டு, மலேரியா, டெங்கு, உண்ணிக் காய்ச்சல் எதுவும் இல்லை. ரத்தத்தை வளர்த்துப் பார்த்தார்கள், கிருமி வளரவில்லை. இ.எஸ்.ஆர். மட்டும் நூறைத் தாண்டி நின்றது. உள்ளே ஏதோ அழற்சி இருக்கிறது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது.

அறிக்கைகள் எல்லாம் ஒரு மஞ்சள் துணிப்பையில் சேர்ந்தன. அண்ணாச்சி ஒவ்வொன்றையும் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு வாசித்தார். ஒன்றில் அவரைப் பெண் என்று போட்டிருந்தது. இன்னொன்றில் 75 வயது 57 ஆகியிருந்தது. சிவப்புக் குறி போட்டு ஆய்வகத்துக்கே திருப்பி அனுப்பினார். அங்கே ஒரு பையன், "தாத்தா, கம்ப்யூட்டர் மிஸ்டேக், ரிசல்ட் கரெக்ட்தான்" என்றானாம். "பேரும் வயசும் தப்பா இருக்கிற ஃபாரத்துல மேட்டர் மட்டும் எப்படி சரியா இருக்கும் தம்பி?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. சந்தேகத்தின் முதல் விதை அன்றைக்குத்தான் விழுந்தது.

டாக்டர்களை நம்பாத ஆள் இல்லை அவர். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கடைசி ஆறு மாதம் அவரைப் பார்த்தவர்கள், பழங்காலத்து மனிதர், பிடிவாதக்காரர் என்று பேசிவிட்டுப் போனார்கள். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணை, லை, றா, னா எல்லாம் ஒரே ஆணையில் உரு மாறியபோது, அச்சகத்தில் பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். இவர் மறுநாளே புது எழுத்துக்கு மாறினவர். ஒரு கண்ணில் புரை விழுந்தபோது அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தானே பஸ் ஏறிப் போய் அறுவை செய்துகொண்டு வந்தார். ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல், பதினொரு படுக்கையோடு அதை ஆரம்பித்த டாக்டர் வெங்கடசாமி, முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களாலேயே கண் அறுவை செய்து பழகியவர் என்பதை அண்ணாச்சி எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். "எழுத்து கோக்கிறவனுக்குத் தெரியும் விரலோட அருமை" என்பார்.

அதற்கும் முந்தின கதை ஒன்று உண்டு. அவருடைய அக்காவைச் சென்னையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். 1950-களின் கடைசியில் அக்காவுக்குக் காசநோய். அந்தக் காலத்தில் காசம் என்றால் தாம்பரம் சானடோரியத்தில் கொண்டுபோய் விடுவதுதான் வழி. அதற்கும் இடம் கிடைக்காது. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் ஒன்று தொடங்கியது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் ஒரு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து, இரு பிரிவினருக்கும் ஒரே மருந்தை, ஐசோநியாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். குடிசையில் நெருக்கியடித்து, நல்ல சாப்பாடில்லாமல் இருந்தவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு சென்னையில் கிடைத்த இந்த முடிவும் ஒரு முக்கியமான காரணம்.

அக்கா வீட்டிலேயே மருந்து சாப்பிட்டுப் பிழைத்தவள். துணைக்குப் போயிருந்த சிறுவன் அண்ணாச்சி. மையத்திலிருந்து ஓர் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மாத்திரையை எண்ணிப் பார்ப்பாராம்; சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே போனதா என்று பார்ப்பார்களாம். "நம்ம வீட்டுப் படியேறி வந்து எண்ணிப் பார்த்தாங்க தம்பி. ஒரு மாத்திரை குறைஞ்சா ஏன்னு கேட்டாங்க. கோவப்பட மாட்டாங்க." அக்கா எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தாள். இப்படி ஒரு ஞாபகத்தைச் சுமந்துகொண்டிருந்த மனிதர் டாக்டர்களை வெறுத்தார் என்றால், அதற்கு அவர்கள் பக்கமும் எங்கள் பக்கமும் நடந்தவற்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நவம்பரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஸ்கேனில் வயிற்றுக்குள் இரண்டு நிணநீர்க் கட்டிகள் லேசாகப் பெருத்திருந்தன. கிருமி எங்கும் அகப்படவில்லை. ஆனாலும் டாக்டர் கட்டில் பக்கத்தில் வந்து நின்று, "டிபிதான் ஐயா. மருந்து ஆரம்பிச்சிரலாம், ஆறு மாசத்துல ஓடிரும்" என்றார். அண்ணாச்சிக்கு அன்று முகம் மலர்ந்தது. பெயர் தெரிந்துவிட்டது; அக்காவைப் பிழைக்க வைத்த மருந்து வருகிறது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனது. காய்ச்சல் மட்டும் ஐந்து மணிக்கு வந்துகொண்டே இருந்தது. ஆறு வாரத்தில் கண் மஞ்சளானது. அந்த மருந்துகள் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும். நிறுத்தினார்கள். பிறகு ஸ்டீராய்டு. இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. அளவைக் குறைக்கக் குறைக்கத் திரும்ப ஏறியது.

அங்கிருந்து வீட்டுக்கு அனுப்பிய நாளில் பில் கட்டக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்தால் அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்து, நர்ஸ் மறந்து வைத்துவிட்டுப் போன கேஸ் ஷீட்டை வாசித்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் ஒரு இடத்தில் விரலை வைத்தார். முதல் நாள் எழுதிய பக்கம். 'காக்ஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நோயாளிக்குப் புரியக் கூடாது என்று காசநோயை டாக்டர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். காசநோய்க் கிருமியை 1882-இல் கண்டுபிடித்த ராபர்ட் கோக்கின் பெயர் அது. எத்தனையோ அறிவியல் புத்தகங்களுக்குப் புரூஃப் பார்த்தவருக்கு அது புரியாதா? ஆனால் அவர் விரல் அந்தப் பெயரின் மேல் இல்லை. அதற்கு முன்னால் இருந்த குறியின் மேல் இருந்தது.

கேள்விக்குறி.

"குவெரி போட்டிருக்காரு தம்பி" என்றார். குரல் உயரவில்லை. "அவருக்கே சந்தேகம். தாள்ல ஒழுங்காத்தான் போட்டிருக்காரு. என்கிட்ட மட்டும் ஏன் முற்றுப்புள்ளி வச்சாரு?"

அதன் பிறகு அவர் எந்த மருத்துவமனைக்கும் வரச் சம்மதிக்கவில்லை. மாத்திரைப் பட்டைகளைப் பிரிக்காமலே மஞ்சள் பைக்குள் போட்டார். அவர் மகன் கெஞ்சினான், மதினி அழுதார்கள். நான் சண்டையே போட்டேன். யாரோ சொல்லி, திருமங்கலம் பக்கம் நாடி பார்க்கும் ஒருவரிடம் போய்ச் சூரணம் வாங்கி வந்தார். அதிலும் குணம் இல்லை. "அவர் மட்டும் உங்ககிட்ட உண்மை சொன்னாரா?" என்று கேட்டேன். "அவரு டிபின்னு சொல்லலியே. சூடுன்னாரு. சூடு இருக்கது எனக்கே தெரியும்" என்றார். காய்ச்சல் தாளில் எழுதுவதை மட்டும் ஒரு நாளும் விடவில்லை.

ஜூலையில் மயங்கி விழுந்தார். கேட்காமலே தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். வார்டில் கூட்டம், தரையிலும் பாய் போட்டிருந்தார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர், முப்பத்தைந்து வயது இருக்கும். மஞ்சள் பையைப் பிரிக்கும் முன் அண்ணாச்சியிடம், "ஐயா என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். அதுவரை பார்த்த ஒருவரும் கேட்காத கேள்வி. நோயாளியிடம் தொழிலைக் கேட்க வேண்டும் என்று 1700-இல் இத்தாலியில் ராமஸ்ஸினி என்ற மருத்துவர் புத்தகமே எழுதியிருக்கிறார். அண்ணாச்சி ஈய எழுத்து கோத்த கதையைச் சொன்னார். வீட்டில் மாடு உண்டா, காய்ச்சாத பால் குடிப்பதுண்டா, சின்ன வயதில் வீட்டில் யாருக்காவது காசம் இருந்ததா என்று கேட்டுக்கொண்டே போனார் டாக்டர். நின்றபடி இல்லை, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டார். காய்ச்சல் தாள்களைக் காட்டியபோது, "இத்தனையும் நீங்களா எழுதினீங்க?" என்று ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். ரத்தத்தில் ஈயமும் பார்த்தார்கள். பத்து நாள் கழித்து அதே விளிம்பில் உட்கார்ந்து அந்த அம்மா சொன்னது இது: "ஐயா, எனக்குத் தெரியல. இதெல்லாம் இல்லைன்னு மட்டும் தெரியுது. தேடிக்கிட்டேதான் இருக்கோம்." கூட இருந்த எங்களுக்குப் பகீரென்றது. அண்ணாச்சி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்கு ராத்திரி, பல மாதத்துக்குப் பிறகு, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை ஏனென்று கேட்காமல் வாங்கி விழுங்கினார்.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இத்தனை வருஷம் இதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தத் தனியார் மருத்துவமனையில், மருந்து தொடங்குவதற்கு முதல் நாள், தாழ்வாரத்தில் டாக்டர் என்னையும் மகனையும் கூப்பிட்டார். "நிச்சயமாச் சொல்ல முடியல. டிபியா இருக்கலாம். மருந்து கொடுத்துப் பாக்கலாம், கேட்டா டிபி" என்றார். நான்தான் குறுக்கிட்டேன். "டாக்டர், அவர்கிட்ட இருக்கலாம்னு சொல்லாதீங்க. டிபிதான்னு சொல்லுங்க. சந்தேகம்னு சொன்னா அவர் மருந்து சாப்பிட மாட்டார்." டாக்டர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் நான் கேட்டபடியே சொன்னார்.

அண்ணாச்சி தேடிக்கொண்டிருந்த முற்றுப்புள்ளி என்னுடையது. கேஸ் ஷீட்டில் விரலை வைத்து "ஏன்" என்று அவர் கேட்டபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்த டாக்டர் மேல் அவர் கொண்ட கோபத்தில் பாதி எனக்குச் சேர வேண்டியது; அதை அவர் சாகும்வரை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் டாக்டர்களைத் திட்டியபோது கூடச் சேர்ந்து திட்டியிருக்கிறேன்.

குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, தொண்ணூற்றைந்தாவது. அதன் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கொடுப்பவர். அண்ணாச்சி எத்தனை குறள் பதிப்புகளுக்குப் புரூஃப் பார்த்தாரோ, கணக்கில்லை. அந்த நான்காவது ஆள் நான். மாத்திரை கொடுக்க, பில் கட்ட, ஆட்டோ பிடிக்க என்று ஓடியதையெல்லாம் சேவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய நோயைப் பற்றி அவருக்கு இருந்த உரிமையை அவர் முதுகுக்குப் பின்னால் நானே வாங்கி வைத்துக்கொண்டது அப்போது உறைக்கவில்லை. பெரியவர்கள் தாங்க மாட்டார்கள் என்று நாம் சொல்கிறோம். அறுபது வருஷம் பிழைகளோடு குடும்பம் நடத்திய மனிதர் ஒரு 'தெரியவில்லை'யைத் தாங்க மாட்டாரா?

பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் அமைதியாக இருந்தார். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. மாதம் ஒருமுறை போய் அந்த அம்மாவைப் பார்த்துக் காய்ச்சல் தாளைக் காட்டிவிட்டு வருவார். அக்டோபரில் ஒரு விடியற்காலை, வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டார். தலைமாட்டில் இருந்த தாளில் முந்தின நாள் சாயங்காலத்து எண் இருந்தது: 100.6.

மகனுக்கு வங்கிக்கும் மற்றவற்றுக்கும் இறப்புச் சான்று வேண்டும். தெரு டாக்டர் வந்து நாடி பார்த்து எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில், இதயமும் சுவாசமும் நின்றதால் என்று இருந்தது. இறந்த எல்லோருக்கும் இதயமும் சுவாசமும் நிற்கத்தான் செய்யும். சாவு வந்த விதம் அது, காரணம் ஆகாது. அந்த இடத்தில் அப்படி எழுதக் கூடாது என்றுதான் மருத்துவ விதியும் சொல்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எதையாவது எழுதாமல் விட்டால் அலுவலகத்தில் வாங்க மாட்டார்கள்.

ஆய்வகத்துப் பெண் என் அறிக்கையைத் திருத்தி மறுபடி அச்செடுத்துக் கொடுத்தாள். அதைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினேன். பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் பேச வாய் திறக்கும் முன் அவளை நோக்கித் திரும்பினார். "டாக்டர், எதுவானாலும் என்கிட்டயே சொல்லுங்க. உங்களுக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க" என்றேன். நோயாளிக்குத் துணையாகப் போகிறவர்களிடமும் இதையே கேட்கிறேன்: டாக்டர் சந்தேகம் என்று சொன்னால் அதை அப்படியே உள்ளே கொண்டு போங்கள். நோயாளியின் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்.

மஞ்சள் பை இப்போது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அண்ணாச்சிக்கு என்ன நோய் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.